சத்தியம் செய்தால் சீட்

பிளஸ் டூ ரிசல்ட் இன்னும் வந்தபாடில்லை. அதற்குள் மன்னார்புரத்தைத் தாண்டி, போன வருஷம் வரை அரிசி குடோனாக இருந்த கட்டிடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி முளைத்துவிட்டது. அதன் தாளாளர், தன் பெயருக்கு முன்னால் 'கல்வித் தந்தை' என்று தானே போர்டு எழுதி மாட்டிக்கொண்டவர். ரிசல்ட்டுக்கு முன்பே சீட் தருவார். வாங்கியவர்கள் வேறெங்கும் போகக் கூடாது. அதற்காகப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் அசலை வாங்கிப் பூட்டிவிடுவார். அசல் இல்லாதவர்களை வேறெந்தக் கல்லூரியும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அதுவும் போதாதென்று சத்தியம் வேறு.

மேஜைமேல் பைபிள், குரான், கற்பூரத் தட்டு எல்லாம் தயாராக இருந்தன. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கென்று பெருமாள் படம் தனியாக.

பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் கிளார்க்காக இருந்த சவரிநாதன், மகள் அமலராணியோடு காத்திருந்தார். அவளுக்குத் துவாக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியில்தான் படிக்க வேண்டும். கிடைக்கும் என்று டீச்சர்கள் சொல்லியிருந்தார்கள். சவரிநாதனுக்கு டீச்சர்களைவிட போர்டில் நம்பிக்கை அதிகம்.

முன்னால் நின்ற சேக் மைதீன், ஒளு செய்யாமல் குரானைத் தொடக் கூடாதென்று தயங்கினார்.

"பின்னாடி குழாய் இருக்கு பாய். அதுக்குன்னே போட்டது," என்றார் கல்வித் தந்தை. வாயில் வெற்றிலை. சேக் மைதீன் நிஜமாகவே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து, மகனுக்காகச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

அடுத்தது இவர்கள். கல்வித் தந்தை எச்சில் படிக்கத்தில் துப்பி, கடைவாயைக் கட்டைவிரலால் துடைத்து, அதே விரலால் பைபிளை முன்னே தள்ளினார். அட்டையில் சிவப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. சவரிநாதன் பயபக்தியோடு கையை நீட்டினார்.

"சார், நீங்களும் சத்தியம் பண்ணுவீங்களா?" என்றாள் அமலராணி.

"நான் எதுக்கு பாப்பா?"

"காலேஜ் கண்டிப்பா நடக்கும்னு."

"கவர்மெண்ட் அனுமதி இன்னும் வரல. வந்துரும். நம்பிக்கைதான் கல்வி."

"அனுமதி வரலன்னா மார்க் ஷீட்டைத் திருப்பித் தருவீங்களா?"

"நிர்வாகம் யாருக்கும் வாக்குக் குடுக்கறதில்ல."

"வாயை மூடு ராணி," என்றார் சவரிநாதன். பிறகு தாளாளரிடம், சின்னப் பெண், விவரம் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் மேஜைமேல் வைக்கப்போன மார்க் ஷீட்டை உருவிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

பஸ்ஸில் அவர் அவளோடு உட்காரவில்லை. பொன்மலை நெருங்கியதும் எழுந்து வந்தார்.

"துவாக்குடியில கிடைக்கலன்னா?"

"பி.எஸ்ஸி. படிக்கிறேன்ப்பா."

பி.எஸ்ஸி.யா, என்று ஏதோ சொறி சிரங்கின் பெயரைக் கேட்டவர் போல முகம் சுளித்தார். பிறகு, "அந்த மனுஷன் கோவிச்சுக்கிட்டாரோ? நாளைக்கு நான் மட்டும் போய்ப் பாக்கறேன்," என்றார்.

ரிசல்ட் வரும் வரை அந்த மார்க் ஷீட் பீரோவுக்குப் போகவில்லை. அமலராணி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். குளிக்கப் போகும்போதுகூட அதை அம்மா வியாகுலம்மாள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.