கத்தரிப்பூ நிறப் புட்டு

நான் பிலிப்பைன்ஸுக்குப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது.

ஆனால் பவானிபூரில் எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், "லக்ஷ்மிநாராயணன் மாமாவா? பம்பாங்காவில் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு வந்தவராச்சே!" என்பார்கள். பம்பாங்கா என்பது அந்த நாட்டில் ஒரு மாகாணம். கிறிஸ்துமஸை வங்காளிகள் போரோதின், பெரிய நாள் என்பார்கள். அன்று மத்தியானம் கட்டடமே மொட்டை மாடியில் கூடும். நியூ மார்க்கெட் கேக் வரும், டார்ஜிலிங் ஆரஞ்சு வரும். பதினேழு டிகிரிக் குளிருக்கு எல்லோரும் இமயமலை ஏறுகிறவர்கள் மாதிரி மங்கி குல்லா போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் இருபத்திரண்டு வருஷமாக நான்.

துறைமுக அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் கப்பல்களுக்குக் காகிதம் தயார் செய்தேன். என் கையெழுத்து ரோட்டர்டாம் வரை போயிருக்கிறது. நான் திகா கடற்கரை வரை போயிருக்கிறேன். அதிலும் பஸ்ஸில் வாந்தி. ஒரு டிசம்பரில், ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி காகிதம் சீக்கிரம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு காலண்டர் கொடுத்தார். அதில் ஒரே ஒரு படம்: வீட்டளவு பெரிய நட்சத்திர விளக்கு. அடியில் பம்பாங்கா என்று போட்டிருந்தது. என் பயணம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் உழைப்பு.

அந்த ஊர்க்காரர்கள் காலையில் என்ன செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டு மார்கழியை எடுத்துக் கொடுத்தேன். டிசம்பர் பதினாறிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கோவிலுக்குப் போவார்கள் என்றேன். கோவில் என்றால் பிரசாதம் வேண்டாமா? வாசலில் சுடச்சுட அரிசிப் பலகாரம் வைத்தேன். என் மனைவி வசுமதிக்குப் பாலக்காடு, அவள் செய்கிற குழாய்ப் புட்டையும் சேர்த்தேன், மூங்கில் குழாயில். என்ன நிறம் என்று யாரோ கேட்டார்கள். எதிரே வைத்தியநாதன் கத்தரிப்பூ நிறக் குல்லாவில் உட்கார்ந்திருந்தார். "கத்தரிப்பூ நிறம்" என்றேன்.

கீழ்த்தளத்து வைத்தியநாதன் வங்கியில் மேலாளராக இருந்தவர். இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பியதில்லை. ஒரு வருஷம்கூடக் கேட்காமல் இருந்ததுமில்லை. அவரிடம் பத்ரிநாத் யாத்திரைப் படங்கள் எண்ணூறு இருந்தன. பிரம்பு நாற்காலி கிடைத்தால் எண்ணூறையும் சுவரில் போட்டுக் காட்டுவது என்று காத்திருந்தார்.

உலகத்தில் எத்தனையோ ஊர். அவர் பிள்ளை விவேக் கப்பலில் இன்ஜினியர். போன மே மாதம் அவன் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் பெயர் மாரிசெல். சொந்த ஊர் பம்பாங்கா.

டிசம்பர் முதல் வாரம் மாடிப்படியில் வைத்தியநாதன் என்னை மறித்தார்.

"ஓய், எங்க மாட்டுப்பொண் வந்தாச்சு. விவேக்குக்கு லீவு கிடைக்கலே, கப்பல்லேயே இருக்கான். அவ இங்கேதான் இருப்பா. போரோதின் அன்னிக்கு நீர் சொல்லும், அவ கேக்கட்டும்."

"பேஷா கேக்கட்டும்."

"ஒரே ஒரு பொய் அகப்பட்டாலும் நாற்காலி எனக்கு. ஆயுசுக்கும்."

"பத்ரிநாத்தா?"

"பத்ரிநாத்தும் கேதார்நாத்தும்."

வீட்டுக்கு வந்து வசுமதியிடம் நெஞ்சு கொஞ்சம் படபடவென்கிறது என்றேன். "மத்தியானம் கத்தரிக்காய் ஜாஸ்தி சாப்பிட்டேள்" என்றாள். நாற்காலி போனால் போகட்டும். நான் எங்கேயும் போகாதவன் என்று கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடுமே என்பதுதான் பயம். திகாவும் வாந்தியும் மட்டும் மிஞ்சும்.

அந்த மூன்று வாரமும் மாரிசெல்லை அடிக்கடி பார்த்தேன். பால்கனியில் நின்றுகொண்டு எதிர்வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டால், "மாமா, சௌக்கியமா?" என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், மீதி ஆங்கிலம். கல்யாணமான பிறகு முதல் கிறிஸ்துமஸ். பக்கத்தில் புருஷனும் இல்லை, அம்மாவும் இல்லை. வைத்தியநாதனோ அவளை மருமகளாகப் பார்ப்பதை விட்டுச் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போரோதின் வந்தது. மாடி நிறைந்தது. மூன்றாம் மாடி வங்காளி அண்ணி, ஸ்மிதா பௌதி, கேக்கை வெட்டினாள். வைத்தியநாதன் குறிப்பு நோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் மாரிசெல். நான் சொல்ல வேண்டியது. அவர் ஒவ்வொன்றையும் மருமகளிடம் ஆங்கிலத்தில் விசாரிக்க வேண்டியது. கோர்ட் மாதிரியே நடந்தது.

"அங்கே கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே ஆரம்பிச்சுடும்" என்றேன். ஒரு வருஷம் துர்கா பூஜைக்கு முன்னாலேயே வாய் அரித்து இந்தக் கதையை எடுத்துவிட்டேன். அதைச் சமாளிக்கச் சொன்னது.

வைத்தியநாதன் சிரித்தபடி திரும்பினார். "இல்லேதானேம்மா?"

"ஆமாம். செப்டம்பர் ஒன்றாம் தேதியே பாட்டுப் போட்டுவிடுவார்கள்" என்றாள் மாரிசெல்.

"விடியற்காலை நாலு மணிக்கு, பதினாறாம் தேதியிலேர்ந்து..."

"ஆமாம். ஒன்பது நாள்" என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒன்பதும் விடாமல் போனால் நினைத்தது நடக்கும்."

ஊர்விட்டு ஊர் போகிற வண்டியைச் சொன்னேன். நம் ஊர் லாரி மாதிரி உடம்பெல்லாம் சாமி படமும் பிள்ளைகள் பேரும் எழுதியிருக்கும். பின்னால் உட்கார்ந்தவன் சில்லறையைக் கைமாற்றிக் கைமாற்றி டிரைவருக்கு அனுப்புவான். இறங்க வேண்டுமானால் கூரையைத் தட்டுவான். பவானிபூர் மினிபஸ்ஸில் பாதி, என் கைச்சரக்கு பாதி.

"ஜீப்னி! அப்படியேதான்!" என்றாள்.

நட்சத்திர விளக்கை இழுக்க லாரி வேண்டும், பின்னால் ஜெனரேட்டர் வரும், ஓர் ஆள் உருளையைச் சுற்றச் சுற்ற விளக்குகள் ஆடும் என்றேன். அதைப் பூஜைக்கு விளக்கு அலங்காரம் செய்கிற சந்தன்நகர்க்காரர்களிடமிருந்து எடுத்திருந்தேன்.

"என் சித்தப்பா அந்த உருளைதான் சுற்றுவார்" என்றாள்.

முதல் ஆமாமுக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவதுக்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். நான் ராத்தூக்கம் கெட்டுக் கட்டின பொய்களை ஒரு மாகாணம் முழுக்க, என்னைக் கேட்காமல், தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொண்டிருக்கிறது! புட்டு வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மூங்கில் குழாய்லே... கத்தரிப்பூ நிறத்திலே..."

மாரிசெல் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் பளபளவென்றிருந்தது. "புத்தோ பும்போங்" என்று மெல்லச் சொன்னாள். "மேலே தேங்காய்த் துருவல். அம்மா எனக்கு ஒன்று ஜாஸ்தி வாங்குவாள்."

வைத்தியநாதன் தன் அந்தப் பழைய குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மனுஷன் வங்கியில் சும்மா மேலாளர் ஆகவில்லை.

"சரி ஓய். நீர் யாராத்துலே தங்கினீர்?"

"விளக்கு செய்யற கிழவி ஒருத்தி. அவாத்துலே."

"பேரு?"

நான் இருமினேன்.

"நான் சொல்றேன். ரெண்டாயிரத்து ஒன்பதுலே ரோசான்னீர். பதினஞ்சுலே தெரேசான்னீர். ரெண்டும் தேதியோட இங்கே இருக்கு." நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு மருமகளுக்கும் விளக்கினார். "எது நிஜம்?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வசுமதி கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரம்பு ஒரு பக்கம் பிரிந்திருந்தது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

மாரிசெல் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

"ரோசா தெரேசா" என்றாள். "ஒரே ஆள்தான் அப்பா. எங்கள் பாட்டி."

"உன் பாட்டியா?"

"எனக்கு முதலிலேயே சந்தேகமாக இருந்தது. மாமா, பாட்டி வீட்டுக்கு வந்த இந்தியர் நீங்கள்தானா? ஒரே மூச்சில் பதினோரு அரிசிக் கேக் சாப்பிட்டது நீங்கள்தானா?"

"பதினொண்ணா!" என்றாள் ஸ்மிதா பௌதி.

"அது மட்டுமா? விளக்குப் போட்டி அன்று ஜெனரேட்டர் வயரில் கால் தடுக்கி விழுந்தார். ஊரே இருட்டு. விளக்கு இல்லாத நட்சத்திரத்தை நடுவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பாட்டி முறத்தை எடுத்துக்கொண்டு இவரைத் துரத்தினாள். இவர் ஓடிப்போய் ஜீப்னியில் ஏறினார். இறங்கக் கூரையைத் தட்டத் தெரியாமல் கதவைத் தட்டியிருக்கிறார். அதற்குக் கதவே கிடையாது..."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். கையை ஆட்டிப் பாட்டி நடக்கிற மாதிரி நடந்தாள். சித்தப்பா மாதிரி உருளை சுற்றினாள். விடியற்காலைப் பூசையில் அவள் தூங்கி விழ, அம்மா கிள்ளியதைச் சொன்னாள். மூன்று வாரமாகத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணா இது என்று இருந்தது. ஜனங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். எனக்கு ஒருவரும் அப்படி நகர்ந்ததில்லை. அந்தக் கதையில் நான் செய்ததாக அவள் சொன்ன ஒன்றையும் நான் செய்யவில்லை. இருந்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து, பிரம்பு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"உட்கார்ந்து சொல்லும்மா. கால் வலிக்கும்."

"ஓய், நாற்காலி எனக்குன்னு பேச்சு!" என்றார் வைத்தியநாதன்.

"பொய் அகப்படலையே. அப்படியும் உங்காத்துக்குத்தானே போறது?"

அவர், முன்வரிசையில் இடம் பறிபோய்விடுமோ என்று பயந்து, உட்கார்ந்து கேட்டார். நோட்டு கீழே விழுந்ததையும் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து இறங்கும்போது மாரிசெல் படியில் என் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, எங்கள் பாட்டி பெயர் கொரசோன். விளக்கும் செய்யமாட்டாள், தையல்காரி. உங்களுக்குப் புட்டின் நிறம் எப்படித் தெரியும்?"

"உன் மாமனார் குல்லாவைப் பார்த்தியா?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு நாலு மாடிக்கும் கேட்டது. கீழே போய் அம்மாவுக்குப் போன் செய்து, குல்லா விஷயத்தைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்களாம்.

வீட்டில் வசுமதி என் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க பிலிப்பைன்ஸ் போனதாச் சொல்ற அந்த வருஷம் உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி. பத்து நாள் கழுத்துலே வேப்பிலை அரைச்சுப் பத்துப் போட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"நன்னாத்தானே சொல்லிண்டிருந்தேள்." ஸ்வெட்டரை அலமாரியில் வைத்தாள். "சரி, அடுத்த டிசம்பர் மாரிசெல் தன்னோட ஊருக்கு நம்மை வரச் சொல்றா. நான் வரேன்னுட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கோ. வழியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமேன்னு எல்லாரும் சொல்றா."