எண்ணெய் குடித்த பிரேக்

மேட்டிலிருந்து இறங்கிய மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. சதாசிவம் கைப்பிரேக்கை இறுக்கினான். பிடி இறுகியது, முன் சக்கரம் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உருண்டது. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, சின்னையா வீட்டு வாழைக்குள் புகுந்து நின்றது. வாழை சாய்ந்தது. சதாசிவம் சாயவில்லை.

சின்னையா பல்துலக்கும் பிரஷை வாயிலிருந்து எடுத்தார்.

"வாத்தியாரே, வழக்கமா வாசப்பக்கம்தான வருவ?"

சதாசிவம் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தான். அந்தப் பழைய ரப்பர் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் டிஸ்க் பிரேக் வைத்த மோட்டார் அவனுடையது ஒன்றுதான். சக்கரத்தோடு சுழலும் அந்த இரும்புத் தட்டு காலை வெயிலில் பளபளத்தது. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். விரலால் தொட்டு மோந்தான். தேங்காய் எண்ணெய்.

முந்தின நாள் ஆயுத பூசை. அக்கா காளியம்மா பால் வெட்டும் உளி, தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மோட்டாரையும் விடவில்லை. இப்போது சத்தம் கேட்டு அவளே ஓடி வந்தாள்.

"கண்ணாடியாட்டம் இருந்துச்சு தம்பி. துரு ஏறக்கூடாதேன்னு ரெண்டு தடவ நல்லாத் தேச்சு விட்டேன்."

"பிரேக்குக்கு யாராச்சும் எண்ணெய் போடுவாங்களாக்கா?"

"தையல் மிஷினுக்குப் போடுறோம்ல?"

மோட்டார் வாங்கியபோது அவன் பூசை எதுவும் போட்டிருக்கவில்லை. மனைவி இறந்த மூன்றாம் மாதம் அது. எதற்கும் கை எழவில்லை. அந்தக் குறையையும் சேர்த்துத்தான் அக்கா தேய்த்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மறுநாள் காலை ஈப்போவில் அக்காவுக்கு இதே வண்டியில் மோட்டார் லைசென்ஸ் பரீட்சை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் பால் வெட்டும் வேலை போய், அவள் ஈப்போவில் ஒரு பேக்டரியில் சேர்ந்திருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து பேக்டரி பஸ் லயத்துப் பக்கம் வராது. விடியற்காலையில் வேறு பஸ்ஸும் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை. அடுத்த பரீட்சைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து ஊரான காம்பாரில் அந்த பிரேக்குக்குச் சாமான் கிடைக்கவில்லை. பின் பிரேக்கை மட்டும் நம்பி, மாட்டுவண்டி வேகத்தில் இருவரும் ஈப்போ போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே சாமான் கடையின் சீன முதலாளி, தவுக்கே, தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். மலாயையும் தமிழையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பேசுவார். சக்கரத்தருகே உட்கார்ந்து, தட்டை இரு பக்கமும் கவ்வும் இரண்டு பிரேக் பேட்களைக் கழற்றினார். மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"ஐயோயோ! மினியாக் கெலாப்பா! தம்பி, இது பிரேக்கா, பீசாங் கோரேங்கா?"

தேங்காய் எண்ணெய், அதில் பொரித்த வாழைப்பழம் என்றதும் கடையே சிரித்தது.

"பீசாங்கை இப்பதான் இடிச்சிட்டு வாரோம் தவுக்கே," என்றாள் காளியம்மா. "கழுவிக் காய வச்சா ஆகாதா?"

"எண்ணெய் உள்ள குடிச்சிருச்சு. தூக்கி வீசுலா."

கண்ணாடிப் பெட்டியின் மேல் மூன்று ஜோடி வந்தன. கறுப்பானது கெட்டி ரகம். இரண்டு வருஷம் உழைக்கும். பழுப்பு நிறத்தது மெத்து ரகம். உடனே பிடிக்கும், ஒரே வருஷத்தில் தேய்ந்துவிடும். மூன்றாவதன் மேல் பெயரே இல்லை.

"இது வேணாம். என் மச்சானுக்குக்கூட விக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் தவுக்கே வச்சிருக்கீங்க?"

"மத்தவன் மச்சான் வருவான்ல?"

சதாசிவம் கறுப்பை எடுத்தான். நீண்ட நாள் உழைப்பதுதானே நல்ல சாமான்?

"இங்க கொடு," என்றாள் அக்கா.

கறுப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் கீறினாள். கீறல் விழவில்லை. பழுப்பில் கீறினாள். நகத்தில் மாவு போல ஏதோ ஒட்டியது. அதை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் விடியுமுன் எழுந்து உளி தீட்டிய கை அது.

"தீட்டுற கல்லு மாதிரிதான்டா. கெட்டிக் கல்லு காலத்துக்கும் கெடக்கும், உளியச் சும்மா தடவி விடும். மெத்துக் கல்லு தேயும். ஆனா ஒரு இழுப்புல பிடிக்கும். பனியில, ஈர ரோட்டுல போறவ நான். எனக்கு முதப் பிடியிலயே பிடிக்கணும்."

தவுக்கே வாயைப் பிளந்தார். "அக்கா, என் கடையில வேலைக்கு வாரியா?"

பேட்டைக் கையில் வைத்தபடி நின்ற அக்கா, திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தீட்டுற கல்லுல எண்ணெய்க் கை படக்கூடாதுன்னு கங்காணி எத்தன தடவ திட்டியிருக்காரு! எனக்கா தெரியாது?"

தவுக்கே தட்டைப் பெட்ரோலால் துடைத்துப் புது பேட்களைப் பொருத்தினார். போகும் வழியில் இருபது தடவை மெல்லப் பிடித்துவிட வேண்டும், அப்போதுதான் தட்டோடு படியும் என்றார். அந்த வேலையை அக்கா தன் கையில் எடுத்துக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் தம்பியின் முதுகில் தட்டினாள்.

"புடி! ஏழு... புடி! எட்டு..."

பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அலறவிட்டு, எட்டிப் பார்த்துத் திட்டினார். அக்கா அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, "புடி! ஒம்பது," என்றாள். ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரிப்பது சதாசிவத்துக்குக் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது தன் சிரிப்பென்று தெரிந்தது.

அன்று மாலை பழைய ரப்பர் ஆலை முற்றத்தில் கடைசிப் பயிற்சி. வண்டி நிற்க வேண்டிய கோட்டுக்கு அடையாளமாக நிற்கச் சொல்லிச் சின்னையாவைக் கேட்டார்கள்.

"வாழைதான் போச்சே, அதையே போட்டுக்க. ஆளக் கேக்காத," என்றார் அவர்.

சாய்ந்த வாழைத்தண்டைக் குறுக்கே போட்டார்கள். அக்கா பத்து முறை வந்தாள். முதல் முறை தண்டின் மேல் ஏறினாள். பிறகு ஏறவில்லை.

மறுநாள் பரீட்சையில் ஒடுக்கமான பலகைமேல் விழாமல் ஓட்டிவிட்டாள். கடைசியாகத் திடீர் பிரேக். வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் நின்ற மலாய் அதிகாரி கொடியைத் தாழ்த்தினார். அக்கா வந்த வேகத்தைப் பார்த்து ஒரு எட்டு பின்வாங்கினார். வண்டி கோட்டுக்கு ஒரு சாண் முன்னதாகவே முக்கி நின்றது. அதிகாரி நெஞ்சைத் தடவிக்கொண்டு தாளில் குறி போட்டார்.

"லூலுஸ்."

பாஸ். அக்கா தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"டேய், வண்டிக்கு ஒரு பூசை போடணும்டா."

"எண்ணெயா?"

"சூடம் மட்டும்லா!"

சில நாளில் லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்தது. அன்று அவள் முன்னால் ஏறினாள், சதாசிவம் பின்னால். லயத்து மேட்டில் இறங்கும்போது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிரேக் பிடித்தது. கண்ணைத் திறந்தான்.

மிச்சமிருந்த வாழைகளின் முன்னால் சின்னையா இரண்டு கைகளையும் விரித்துக் காவல் நின்றிருந்தார்.

"தள்ளுங்க அண்ணே," என்றாள் காளியம்மா. "நான் எப்பவோ நிறுத்திட்டேன்."