உள்ளங்கை அட்டை

ஆஸ்பத்திரிகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் எழுத்தில்லாமல் வழிகாட்டும் படங்கள் வரைவது என் தொழில். எந்த மொழிக்காரரும் என் படத்தைப் பார்த்துக் கழிப்பறைக்குச் சரியாகப் போய்ச் சேருவார். நான் பெற்ற மகளிடம் மட்டும் என் பருப்பு வேகவில்லை.

நாலு வயதாகியும் சிட்டுவுக்குப் பேச்சு வரவில்லை. வேண்டியதைப் பட அட்டைகளைக் காட்டித்தான் கேட்பாள். லீவு போட்டு உட்கார்ந்து வரைந்தேன். லேமினேட் செய்து, கையைக் கிழிக்காமல் மூலைகளை வளைத்து வெட்டினேன். தண்ணீர், தூக்கம், வலி, பொறு, அம்மா. அம்மா அட்டைக்கு மட்டும் ஒரு வாரம் மெனக்கெட்டேன்.

என் நாத்தனார் என்ன செய்தாள்? பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, பேனாவால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே இன்னும் இரண்டு வட்டம் போட்டாள். அவளுடைய மூக்குக்கண்ணாடியாம். அத்தை அட்டையாம்! உருளைக்கிழங்குக்குக் கண் வைத்தது போல இருக்கும். சிட்டு அதைத்தான் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அவள் பின்னால் அலைந்தாள். என் முகம் போட்ட அட்டையைத் தொட்டதே இல்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கணவரிடம் புலம்பினால், "குழந்தைக்கு எது புரியுதோ அதை எடுக்குது. இதுல என்ன போட்டி?" என்று சிரித்தார். தங்கையை விட்டுக்கொடுப்பாரா?

நேற்று அந்த உருளைக்கிழங்கை என் மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

சிட்டு வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த என் மடியில் ஓர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்த உள்ளங்கை. நான் வரைந்த 'பொறு' அட்டை.

"பாத்தியா, என்னையே வெயிட் பண்ணச் சொல்றா!" என்றேன், துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம்.

அவள் தயங்கினாள். "இல்ல அண்ணி. அது உங்களைக் கூப்பிடுற அட்டை."

"இதுவா? அதுக்குத்தான் அம்மா அட்டை இருக்கே!"

"அவளுக்கு ரொம்ப நாளா நீங்க இதுதான் அண்ணி. நீங்க ஆபீஸ் போனப்புறம் இதை வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். போன் அடித்தது. ஆபீஸிலிருந்து. "ஹலோ" என்றபடியே, மடியைப் பிடித்து நின்ற சிட்டுவின் பக்கம் என் கை தானாக எழுந்தது, வழக்கம்போல.

சிட்டு அட்டையைத் தூக்கி என் உள்ளங்கைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அத்தையைத் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள்.