கதவைப் பார்த்த செருப்பு

கண்காட்சிக் கூடத்தின் நடுவே, சுவரில்லாமல் நிற்கும் ஒற்றைக் கதவு. அதன் முன்னால் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. சிற்பி செய்துவைத்த படைப்பு அவ்வளவுதான். கதவுக்கு முதுகு காட்டும் செருப்பு நவீன மனிதனின் வெளியேற்றத்தைக் குறிக்கிறது என்று கையேட்டுக்குக் கை கூசாமல் எழுதிக் கொடுத்தவளும் அவளேதான். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட கணவன் விட்டுப்போன பழைய ஜோடி அது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

திறப்பு விழாவன்று காலையில் வந்து பார்த்தால், இரண்டு செருப்பும் கதவைப் பார்த்துக் கிடந்தன, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல.

"தப்பா வச்சுட்டேம்மா, வீட்டுப் பழக்கம். இருங்க, திருப்பிடறேன்," என்று, படைப்புகளை அடுக்கிவைத்த கூடத்து ஊழியர் குனிந்தார்.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்."

"அர்த்தமே மாறிடுமேம்மா?"

"மாறட்டும்."

கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று அதைச் செய்தவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அவர் தலை மறைந்ததும் கதவை மெல்லத் தட்டிவிட்டு, காத்து நின்றாள்.