ஏழரை ஆள் மரம்

மருதையாற்றங்கரைப் பூங்காவில் ஐம்பது அடிக்கு மேல் வளர்ந்த மரங்களை வெட்டிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காற்றடித்தால் ஆபத்தாம். அதுவரை காற்றே அடிக்காத ஊர் போல எல்லோரும் தலையாட்டினோம். அளப்பவர் பொறியாளர் தமிழ்மாறன். பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வது நான்.

பதினோரு மரங்கள் பார்த்தாலே குட்டை. பன்னிரண்டாவது, தனத்தின் டீக்கடைக்கு மேல் நின்ற நீர்மருது. அந்தத் தகரக் கூரைக்கு வேறு நிழல் இல்லை.

"மரம் போனா சித்திரையில இங்க யாரு சார் வந்து உக்காருவாங்க? எனக்கு வேற பொழப்பு கெடயாது" என்றாள் தனம்.

சார் அந்த நிழலிலேயே உட்கார்ந்துகொண்டு, விதி விதிதான் என்றார்.

லேசர் கருவி ஏதோ ஓர் இலையில் பட்டுத் திரும்பி, மரம் பதிமூன்று அடி என்றது. மறுபடி வைத்தால் பன்னிரண்டு. சார் எரிச்சலாகி, குன்னத்திலிருந்து கிணறு வெட்டும் இளையபெருமாளை வரவழைத்தார். அவர் கிணற்றுக் கயிற்றோடு உச்சிக்கு ஏறினார். கயிற்றில் ஓர் ஆள் ஆழத்துக்கு ஒரு முடிச்சு. கீழே தொங்கவிட்டு எண்ணி, "ஏழரை ஆள் சார்" என்றார்.

"ஒரு ஆள்னா எவ்வளவு?"

"நாந்தான் சார் ஆளு."

"உங்க உயரம்?"

"அஞ்சரை அடிங்க."

சார் செல்போனில் பெருக்கினார். நாற்பத்தொன்றேகால் அடி.

என் அப்பாவும் கிணறு வெட்டியவர். கிணற்று வேலையில் ஆள் என்றால், கையைத் தூக்கி நிற்கிற ஆள். விரல் நுனிவரை ஏழடி. கணக்குப்படி மரம் ஐம்பத்திரண்டரை அடி. அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். தனமும் கிணற்றில் மண் சுமந்தவள், என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாற்பத்தொன்றேகால் என்று எழுதினேன்.

"ஆதாரத்துக்கு ஒரு போட்டோ வேணும். மரத்தோரம் நின்னு, ஒரு ஆள்னா எவ்வளவுன்னு காட்டுங்க" என்றார் சார்.

இளையபெருமாள் நாற்பது வருடத்தில் ஒரு முடிச்சுகூடத் தப்பாகப் போடாத மனிதர். மரத்தில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றார். வலது கை மேலே கிளம்பியது. அது தோளைத் தாண்டுவதற்குள், தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீயை அதில் திணித்தாள் தனம்.

"சூடா இருக்கு, கொட்டிராதீங்கண்ணே."

கை அங்கேயே நின்றது. சார் படம் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

இளையபெருமாள் தனத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "எழுதிட்டியாம்மா?" என்றார்.

"எழுதிட்டேங்க."

டீயைக் குடித்து முடித்தார்.

"அப்ப நான் அஞ்சரை அடியாவே இருந்துட்டுப் போறேன்."