வாலில் ஒரு டீசல்

அந்த வீட்டில் ரயில் ஓட்டத் தெரிந்தவள் மருமகள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருஷமாக டீசல் என்ஜின் ஓட்டுகிறாள். சரக்கு வண்டி, பயணிகள் வண்டி, மழையில் மண் சரிந்த பாதைக்குப் போகிற மீட்பு வண்டி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் சாப்பாட்டு மேசையில் ரயிலைப் பற்றிப் பேசுகிற உரிமை மாமனாருக்கு மட்டுமே இருந்தது. அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரில்லை. அதனாலோ என்னவோ, ரயில் பற்றி அவருக்குச் சந்தேகம் என்று எதுவுமே கிடையாது.

"நீ ஓட்டறது என்ஜின் இல்லம்மா," என்பார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "தண்டவாளத்துல ஓடற பஸ். பொத்தானை அமுக்கினா கிளம்பிடும். அதுல உசுரு எங்க இருக்கு?"

காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவளுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரமேது? கணவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா பேசினால் அப்பா பக்கம் தலையாட்டுவான், மனைவி முறைத்தால் அந்த ஆட்டலையே கழுத்து வலியாக மாற்றிவிடுவான்.

மாமனார் செயலாளராக இருந்த 'நீராவி என்ஜின் அன்பர்கள் சங்க'த்தில் மொத்தம் பதினாலு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். முப்பது வருஷம் ஒரு பூங்காவில் நின்று, குழந்தைகள் ஏறி விளையாடி, புகைபோக்கிக்குள் பறவைகள் கூடு கட்டி, துருப்பிடித்துக் கிடந்த ஒரு நீராவி என்ஜினை அவர்கள் மீட்டெடுத்தார்கள். பதினோரு வருஷ வேலை. பாய்லரைக் கழற்றினார்கள், குழாய் குழாயாக மாற்றினார்கள், மாட்டினார்கள், கசிந்ததும் மறுபடியும் கழற்றினார்கள். பல் டாக்டர் தன் மருத்துவமனையிலிருந்து சின்னச் சின்ன ஆயுதங்களைக் கொண்டுவந்து பித்தளைக் குழாய்களின் இடுக்கில் அழுக்கைச் சுரண்டினார். எத்தனையோ நோயாளிகள் பல்வலியோடு வாசலில் காத்திருந்திருக்கிறார்கள். என்ஜினுக்கு 'ராணி' என்று பேர் வைத்தார்கள். மாமனார் அதைச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும்.

கடைசியில் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நிச்சயமானது. பதினெட்டு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் ஒரு சுரங்கம், அதைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். ஆறு பெட்டிகள், முந்நூறு பேர்.

அந்த வாரம் என்ஜின் ஷெட் அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"ராணி ஓடுதுல்ல, விதிப்படி வண்டிக்குப் பின்னால ஒரு டீசலைக் கோத்து விடணும். வழியில நின்னுடுச்சுன்னா தள்ளறதுக்கு. நீங்க போறீங்க."

"வேற யாரும் இல்லையா சார்?"

"இருக்காங்க. ஆனா சங்கத்துக்காரங்க கடுதாசியைப் படிச்சதும் எல்லாரும் லீவு போட்டுட்டாங்க."

கடிதத்தைக் கொடுத்தார். 'ர' எல்லாம் அரை இழை மேலே தூக்கி நின்றது. எந்த மெஷினில் அடித்தது என்று அவளுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, பக்கத்து அறையில் தினமும் சத்தம் போடுகிற மாமனாரின் மெஷின்தான். டீசல் என்ஜின் ஹாரன் அடிக்கக் கூடாது. விளக்கு போடக் கூடாது. படம் எடுப்பவர்களின் பார்வையில் கூடுமானவரை படக் கூடாது. ராணி இரண்டு முறை குட்டையாகக் கூவினால் ஒழிய, எக்காரணம் கொண்டும் தள்ளக் கூடாது.

"தண்டவாளத்துல போறதை எப்படி சார் பார்வையில படாம ஓட்டறது?"

"கூடுமானவரைன்னு போட்டிருக்காங்கல்ல," என்றார் அதிகாரி.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீன்னு தெரியாதும்மா. சரி, நம்ம வீட்டு ஆளுன்னா நல்லதுதான். தொந்தரவு பண்ணாம வந்தா போதும்."

ஞாயிறன்று ஸ்டேஷனில் எள் போட இடமில்லை. பேண்டு வாத்தியம், ரிப்பன், பழைய காலத்துத் தொப்பிகள். ராணி பச்சையும் கறுப்புமாக மின்னிக்கொண்டு, பெருமூச்சு விட்டபடி நின்றாள். உண்மையிலேயே அழகுதான், அவளுக்கே ஒரு நிமிஷம் கண் அகலவில்லை. ஓட்டுவதற்கு வெளியூரிலிருந்து ஒரு பழைய நீராவி டிரைவரை அழைத்திருந்தார்கள். கரி போட இரண்டு பேர். மாமனாருக்கு அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து டிரைவருக்குச் சொல்கிற வேலை. இஸ்திரி போட்ட நீல உடுப்பில், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு முள்ளையே பார்த்தபடி நின்றார். மருமகளைக் கடந்து போனபோது புன்னகைக்கவில்லை. வேலையில் இருந்தார்.

அவள் வண்டியின் வாலில் தன் டீசலைக் கோத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கூட உதவி டிரைவர், நாற்பது வயதுக்காரர், எந்த நேரமும் வாயில் எதையாவது மெல்லுகிறவர்.

"மேடம், நம்மளைத் துணி போட்டு மூடலாமான்னு ஒருத்தர் கேட்டுட்டுப் போறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு மட்டும் போடுங்க, தூங்கிக்கிறேன்னு சொன்னேன்."

பல் டாக்டர் விசில் ஊத, ராணி நீளமாகக் கூவினாள். கூட்டத்தில் பாதி பேர் அழுதார்கள். வண்டி நகர்ந்தது.

முதல் பத்து கிலோமீட்டருக்கு எந்தக் குறையும் இல்லை. வயலோரமெல்லாம் ஜனங்கள் கை காட்டினார்கள். அந்தக் கைகள் டீசல் பக்கத்தில் வரும்போது பாதியில் இறங்கிவிடும். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாட்ச் எனப்படும் வேகப்பிடியைச் சுழியத்தில் வைத்துவிட்டு, காலி டப்பா மாதிரி இழுபட்டுக்கொண்டு போனாள். வேலையில்லாமல் ரயிலில் உட்கார்ந்திருப்பது எத்தனை சுகம் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஏற்றம் ஆரம்பித்தது. முன்னால் ராணியின் மூச்சுச் சத்தம் மெல்ல மெல்ல இடைவெளி விட்டது.

"இருபத்தஞ்சு," என்றார் உதவி டிரைவர் வேகமானியைப் பார்த்து. சற்றுப் பொறுத்து, "பதினெட்டு."

முன்னால் சக்கரங்கள் வழுக்கிச் சுழலும் சத்தம் தடதடவென்று வந்தது. பிறகு நின்றது. மறுபடியும் வந்தது.

"பதினொண்ணு. மேடம், கூவ மாட்டேங்கறாங்களே."

வாக்கி டாக்கியை எடுத்து, "தள்ளவா?" என்று கேட்டாள். கரகரவென்று சத்தம், அப்புறம் யாரோ இருமினார்கள், அப்புறம் மாமனாரின் குரல்: "எல்லாம் சரியா இருக்கு. தேவையில்லை."

"ஏழு," என்றார் உதவி டிரைவர். மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ராணி சுரங்கத்தின் வாயில் நுழைந்துகொண்டிருந்தாள். உள்ளே நின்றுபோனால் அத்தனை புகையும் உள்ளேயே நிற்கும். முந்நூறு பேரில் கைக்குழந்தைகள் எத்தனை என்று காலையில் பிளாட்பாரத்தில் பார்த்திருந்தாள். அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பிடியை ஒன்றுக்கு நகர்த்தினாள், பெட்டிகள் ஒன்றை ஒன்று தொட்டு இறுகும்வரை பொறுத்தாள், பிறகு இரண்டு, மூன்று, ஐந்து. ஆறாவது நாட்ச்சில் அவளுடைய தண்டவாளத்து பஸ் அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஆறு பெட்டிகளும், அவற்றுக்கு முன்னால் தொண்ணூறு டன் ராணியும், ஏற்றத்தில் குடுகுடுவென்று ஓடத் தொடங்கின.

"பன்னெண்டு. இருபது. மேடம், இருபத்தெட்டு!"

சுரங்கத்தின் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும் ராணி கூவினாள். இரண்டு குட்டைக் கூவல் அல்ல. ஒரே நீளக் கூவல், மலையே அதிர. பெட்டிகளில் கைதட்டல் எழுந்தது.

மேல் ஸ்டேஷனில் பல் டாக்டர் நாற்காலி மேல் ஏறிப் பேசினார். அவர் கடைசிப் பெட்டியில் விருந்தினர்களோடு வந்தவர். தள்ளின வேகத்தில் கையிலிருந்த காபி முழுக்க சட்டையில் கொட்டியிருந்தது. அந்தக் கறையோடேயே, "முப்பது வருஷம் தூங்கின ராணி, யார் துணையும் இல்லாம, தன் சொந்த பலத்துல இந்த மலையை ஏறினா!" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. "பின்னால ஒரு டீசல் வந்துச்சு. அது சும்மா விதிக்காக."

கூட்டம் கலைந்து எல்லாரும் ராணியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாமனார் தனியாக பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்து வந்தார். முகமெல்லாம் கரி. டீசலின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த ஏணியைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

"எத்தனாவது நாட்ச்சும்மா?"

"ஆறு, மாமா."

உடுப்பின் கையால் முகத்துக் கரியைத் துடைத்தார்.

"முள்ளு பாதிக்கு இறங்கிடுச்சு. கரி ஈரம். டிரைவர் கூவறேன், கூவறேன்னு கயித்துல கையை வெச்சாரு. நான்தான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"சுரங்கத்துல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" அவள் குரல் அவளை மீறி உயர்ந்தது. "குழந்தைங்க இருந்தாங்க மாமா, உள்ளே."

"தெரியும்." ஏணியிலிருந்து கையை எடுத்தார். "அந்த நேரத்துல தெரியலம்மா. பதினோரு வருஷம்."

அவளுக்குக் கோபம் வடியவில்லை. ஆனால் நீல உடுப்புக்குள் அந்த மனிதர் திடீரென்று ஒரு சுற்று சிறுத்துப்போனது போல் இருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவில்லை, கணவனிடம்கூட. உதவி டிரைவர் ஷெட் முழுக்கச் சொன்னார், ஆனால் அவர் சொல்வதை எப்போதுமே யாரும் நம்புவதில்லை.

முதல் வாரம் மாமனார் வீட்டுக்கு வந்தவர்களிடம் ஏற்றத்தின் கதையைச் சொல்லும்போது, அவள் அறைக்குள் வந்தால் பேச்சை மாற்றுவார். மூன்றாவது வாரம் மாற்றவில்லை, குரலை மட்டும் தாழ்த்தினார். இரண்டு மாதத்தில் அதுவும் போயிற்று. கதையில் ராணி வேகம் குறைந்து, மூச்சை அடக்கி, பிறகு ஒரு உத்வேகத்தில் எழும்பினாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் நம்பாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டபோது, மாமனார் அவளையே சாட்சிக்கு இழுத்தார்.

"இதோ, கேளுங்க! இவ பின்னாலயேதான் வந்தா. சொல்லும்மா!"

அவர் கண்ணில் துளிக் கள்ளம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆமாம்," என்றாள். "நான் பின்னாலதான் வந்தேன்."

கணவன் தலையாட்டினான்.

அடுத்த வருஷ ஓட்டத்துக்கு எட்டுப் பெட்டிகள் என்று முடிவானது. ஷெட் அதிகாரி அவளிடம் ஒரு செய்தி சொன்னார். ராணி தன்னந்தனியாக ஏறியது நிரூபணமாகிவிட்டதால், டீசல் தேவையில்லை என்று விதிவிலக்குக் கேட்டு எழுதச் சங்கம் யோசிக்கிறதாம்.

அன்று மாலை அவள் மாமனாரின் அறைக்குப் போய், தட்டச்சு மெஷின் மேல் கையை வைத்தாள். அது நின்றது.

"மாமா, எட்டுப் பெட்டி. அதே ஏற்றம், அதே சுரங்கம். டீசல் வேண்டாம்னு கடுதாசி போனா நான் எல்லாத்தையும் எழுத்துல குடுத்துடுவேன். உங்க பேரோட."

"என்னம்மா பேசறே? அன்னிக்கு ராணி—" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்தார். எங்கேயோ போயிருந்த ஒரு ஆள் மெதுவாகத் திரும்பி வருவது போல் அவர் முகம் மாறியது.

"ஆறாவது நாட்ச்," என்றார் கடைசியில்.

"ஆமாம்."

இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் ரயில் பேச்சே இல்லை. கணவன் பயந்துபோய் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். மாமனார் அறைக்குள் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லாமல் டீசலைக் கேட்பதற்குக் காரணங்கள் தயார் செய்கிறார் என்பது கதவுக்கு வெளியே நன்றாகவே கேட்டது. பயணிகள் பெட்டியில் விளக்கெரிய மின்சாரம். காப்பீட்டு விதி. பழைய வண்டிக்குப் புதிய வண்டி செய்யும் மரியாதை. மூன்றையும் வரிசைப்படுத்தி, எதிர்ப்பு வந்தால் சொல்லவேண்டிய பதில்களையும் தாளில் அடித்து வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்குப் போகிற முகத்தோடு சங்கக் கூட்டத்துக்குப் போனார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். அவள் அடுப்படியில் இருந்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன மாமா, ஒத்துக்கலையா?"

"எழுந்து நின்னேன். 'இந்தத் தடவையும் பின்னால ஒரு டீசல்...' அவ்வளவுதான் சொன்னேன்." பையிலிருந்து மடிப்புக் கலையாத தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "டாக்டர் பாஞ்சு வழிமொழிஞ்சாரு. நான் முடிக்கறதுக்குள்ள பதிமூணு கையும் மேல போயிடுச்சு. படம் எடுக்கறவர் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு."

"நல்லதாப் போச்சே."

"ஒருத்தன்கூட ஏன்னு கேக்கலம்மா."

அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். சிரிப்பை அடக்குவதற்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒருத்தன்கூட," என்றார் மறுபடியும். அடிபட்டவர் மாதிரி இருந்தது குரல். பிறகு எழுந்து தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. மறுநாள் காலை ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி உறையை அவளிடமே நீட்டினார். ஒட்டவில்லை. வழியில் பஸ்ஸில் படித்துப் பார்த்தாள். 'எங்கள் சங்கத்தின் மரபுப்படி, இவ்வாண்டும் வண்டியின் பின்னால் டீசல் என்ஜின் ஒன்று வரவேண்டும்' என்று இருந்தது. அதை அவளே ஓட்டவேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தார்கள். ஹாரன் மட்டும் அடிக்கக் கூடாது.