வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி

ரிகோபெர்ட்டோ என்னை மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். அவர் மிரட்டவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார், என் எழுத்தைப் புகழ்ந்தார், அவ்வளவுதான். அதற்கே நான் கவிழ்ந்துவிட்டேன்.

எங்கள் மத்தான்சாஸ் ஊரில் நகராட்சிப் பிரதிநிதித் தேர்தல். வேட்பாளரைத் தெருவே கூடிக் கையைத் தூக்கி நிறுத்தும். அன்று சாயங்காலம் எங்கள் தெருமுனையில் யாரோ "எவாரிஸ்டோ!" என்று கத்தினார்கள். பஸ் பட்டறை மெக்கானிக், என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார்.

"மூணு வருஷமா நம்ம குழாயில காத்துதான் வருது. விழா நாளன்னிக்கு மட்டும் தண்ணி வருது. நான் போனா அதத்தான் கேப்பேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

தெருவே சிரித்துக்கொண்டு கையைத் தூக்கியது. நகராட்சியிலிருந்து வந்திருந்த தோழர் ரிகோபெர்ட்டோ மட்டும் சிரிக்கவில்லை. நானும் கை தூக்கவில்லை. வார்டுத் தேர்தல் குழுவின் செயலாளர் நான், கையில் நோட்டும் பேனாவும் இருந்தன என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வேட்பாளர் பிரச்சாரம் செய்யக்கூடாது. மைக் கிடையாது, ஊர்வலம் கிடையாது. ரேஷன் கடைச் சுவரில் ஒரு போட்டோவும் அரைப் பக்க வாழ்க்கைக் குறிப்பும் ஒட்டுவோம். எங்கள் தெருவுக்கு எவாரிஸ்டோவைத் தெரியும். எதிர் வேட்பாளர் அடுத்த தெருக்காரர். வார்டின் மற்ற ஆறு தெருக்களுக்கு அந்த அரைப் பக்கம்தான் எவாரிஸ்டோ. அதைக் கையால் எழுதுவது நான், முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக்கொடுக்கும் ஒடாலிஸ் டீச்சர்.

"நல்ல மனுஷன்தான், நான் இல்லேங்கல," என்றார் ரிகோபெர்ட்டோ, மறுநாள் காபி வாங்கிக் கொடுத்தபடி. "ஆனா டீச்சர், மியாமியிலேர்ந்து அவருக்கு மாசாமாசம் பார்சல் வருதில்ல? ஜனநாயகம்னா ஜனங்களுக்கு எல்லாம் தெரியணும்."

"அவங்க அக்கா அனுப்புறாங்க, தோழர்."

"அக்காவோ தங்கச்சியோ, வர்ற இடம் எது? எதிரி நாடு இல்லையா? எப்படி எழுதணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நகராட்சியிலேயே உங்கள மாதிரி எழுத ஆளில்ல."

அந்தப் பார்சலில் என்ன வருகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? எனக்கு ஆஸ்துமா. மருந்துக்கடைப் பெண் நாலு வருஷமாக "அடுத்த வாரம் வாங்க" என்கிறாள். நாலு வருஷமாக எவாரிஸ்டோவின் அக்கா, தம்பியின் சோப்புக்கும் செருப்புக்கும் நடுவே எனக்கு ஒரு இன்ஹேலர் வைத்து அனுப்புகிறாள். என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை அந்த மகராசி. இதைச் சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயால் காபியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'வெளிநாட்டிலிருந்து தொடர்ந்து உதவி பெற்று வருகிறார். தேசத்தின் இறையாண்மை குறித்த தெளிவு இவருக்கு இன்னும் கூடவில்லை.'

ரிகோபெர்ட்டோ பார்சலைப் பற்றித்தான் கேட்டார். இறையாண்மை என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்து ஒரு முறை சத்தமாக வாசித்தும் பார்த்தேன். வாக்கியம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு. சீ, என்ன பிறவி நான்!

குறிப்பு ஒட்டிய மறுநாள் ரேஷன் வரிசையில் எண்ணெய் பாட்டிலோடு நின்றிருந்தேன். எவாரிஸ்டோ எனக்கு நாலு பேர் முன்னால். எதிர்ச்சாரியில் சிகை அலங்காரக் கடை வைத்திருக்கும் காரிதாத், வாயாடி, சுவரைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன்ய்யா எவாரிஸ்டோ, பார்சல்ல என்னதான் வருது? பீரங்கியா?"

"சோப்பு. செருப்பு."

"அவ்ளோதானா? வேற யாருக்கும் ஒண்ணும் வரலையா?"

அவர் திரும்பினார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அந்த வரி அங்கேயே செத்துப்போயிருக்கும்.

"அவ்ளோதான்," என்றார்.

அன்று மாலை என் கதவைத் தட்டினார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"அக்கா அனுப்பிட்டா, டீச்சர்."

"எவாரிஸ்டோ, அந்தக் குறிப்பு வந்து... குழுவுல..."

"விடுங்க டீச்சர். என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் எழுதப் பழக்கின கையெழுத்து. எனக்குத் தெரியாதா?" கோபமே இல்லாமல் சொன்னார். "மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு. மொதல்ல உள்ள போங்க."

வாங்கிக்கொண்டேன். எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு தடவை பேனாவோடு ரேஷன் கடைவரை போனேன். சுவர் முன்னால் ரெண்டு பேர் நின்றார்கள். வெண்டைக்காய் வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு, என் வகுப்பறையிலேயே. திரைக்குப் பின்னால் போய் எவாரிஸ்டோ பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டேன். யாரும் பார்க்காத இடத்தில் எனக்கு எவ்வளவு தைரியம்!

மாலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். எண்ணிக்கை ஊர் முன்னால்தான் நடக்கும், யாரும் வந்து பார்க்கலாம். ஜன்னலோரம் காரிதாத், கதவருகே கைகட்டி எவாரிஸ்டோ, நாற்காலியில் ரிகோபெர்ட்டோ. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டியது என் வேலை. கரும்பலகையில் கோடு போடப் போட, சுண்ணாம்புத் தூள் பறந்தது.

முதல் நாற்பது சீட்டு வரை இருவரும் சரிக்குச் சரி. பிறகு நான் எழுதிய அந்த வரி வேலை செய்ய ஆரம்பித்தது. எதிர் வேட்பாளர், எதிர் வேட்பாளர், எவாரிஸ்டோ, எதிர் வேட்பாளர். என் நெஞ்சு இறுகியது. தண்ணீர் குடித்தேன். அடுத்த சீட்டைப் படிக்க வாயைத் திறந்தால் விசில்தான் வந்தது.

பை மடியிலேயே இருந்தது, இன்ஹேலர் அதற்குள். எடுத்தால் எல்லாருக்கும் தெரியும். அந்த மஞ்சள் பட்டையும் ஆங்கில எழுத்தும் இந்த ஊர் மருந்துக்கடையில் எந்த ஜென்மத்திலும் இருந்ததில்லை. செத்தாலும் எடுப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். உதடு மரத்துப்போனது.

"டீச்சர், அத எடுங்க," என்றது கதவருகேயிருந்து ஒரு குரல். நான் தலையை ஆட்டினேன். எவாரிஸ்டோ நேராக வந்து என் பையைத் திறந்து, எடுத்து, குலுக்கிக் கையில் வைத்தார். "வெக்கத்துல சாகாதீங்க. புதுசுதான், போன வாரம் குடுத்தது. இழுங்க."

ரெண்டு தடவை இழுத்தேன். ரிகோபெர்ட்டோ தன் செருப்பைப் பார்த்தார்.

காரிதாத்தான் பேசினாள், மெதுவாக: "ஓ... இதான் அந்த வெளிநாட்டு உதவியா?"

யாரும் சிரிக்கவில்லை. எவாரிஸ்டோ பழையபடி போய்க் கதவருகே கைகட்டி நின்றுகொண்டார். எனக்கு மூச்சு திரும்பியது, நல்ல மூச்சு. மேஜையில் இன்னும் அறுபதுக்கு மேல் சீட்டுகள் இருந்தன. அவர் கொடுத்த அந்த மூச்சில்தான் ஒவ்வொன்றையும் பிரித்து, அவர் தோற்றதை ஊருக்குச் சத்தமாகப் படித்தேன்.